அரசு வழங்கிகளின் சாவி யார் கையில்?

2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவுக்கு எதிரான தனது 18ஆவது தடைத் தொகுப்பை அறிவித்தது. குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் கொண்ட நயாரா எனர்ஜி நிறுவனமும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ரஷ்யாவின் ரோஸ்நெப்ட் நிறுவனம் அதில் 49 சதவீதத்துக்கும் மேற்பட்ட பங்குகளை வைத்திருப்பதே அதற்குக் காரணம். அடுத்த சில நாட்களில், நயாரா ஊழியர்கள் அன்றாடம் பயன்படுத்திவந்த மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை மைக்ரோசாப்ட் நிறுவனம் துண்டித்தது. இந்திய அரசு எந்தத் தடையும் விதிக்கவில்லை. இந்திய நீதிமன்றம் எதுவும் உத்தரவிடவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் தடையும் இல்லை. உரிமக் கட்டணத்தை முழுமையாகச் செலுத்தியும் தனது சொந்தத் தரவுகளையே அணுக முடியவில்லை என்று கூறி, நயாரா தில்லி உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. அதன் பிறகே, ஜூலை இறுதியில், சேவைகள் திரும்பக் கிடைத்தன.

ஒரு தனியார் எண்ணெய் நிறுவனத்துக்காகக் கண்ணீர் வடிப்பது நமது வேலை அல்ல. ஆனால் அந்த நிகழ்வு எழுப்பிய கேள்வி நாட்டு மக்கள் அனைவருக்குமானது. நாளை இதே கதி ஒரு பொது மருத்துவமனைக்கோ, மின்வாரியத்துக்கோ, ரயில்வேக்கோ நேர்ந்தால் என்ன ஆகும்? ஓய்வூதியத்துக்காகத் தனது ஆதார் எண்ணை ஒரு முதியவர் அரசு இணையதளத்தில் பதிவிடுகிறார். நோயாளி தனது பரிசோதனை முடிவைப் பார்க்கிறார். விவசாயி நிலப்பதிவின் நகலைக் கேட்கிறார். இவை அனைத்தும் எந்தக் கணினிக்குச் செல்கின்றன? அந்தக் கணினியில் இயங்கும் மென்பொருள் யாருடையது? அதைத் திறந்து சோதிக்கவும் திருத்தவும் யாருக்கு அதிகாரம் இருக்கிறது? இவை இனியும் தொழில்நுட்ப வல்லுநர்களிடம் மட்டும் விட்டுவிடத்தக்க கேள்விகள் அல்ல.

நான்கு அடுக்குகள்

இணையதளத்தைத் தாங்கி நிற்கும் கணினியை வழங்கி, அதாவது சர்வர், என்கிறோம். உலாவியின் முகவரிப் பட்டையில் காணும் பூட்டுக் குறி, நமது கணினிக்கும் வழங்கிக்கும் இடையே செல்லும் செய்தி மறையாக்கம் செய்யப்படுகிறது என்பதைக் குறிக்கிறது. அந்தப் பூட்டுக்குப் பின்னால் நான்கு அடுக்குகள் உள்ளன. முதலாவது, கணினியை இயக்கும் இயங்குதளம். இரண்டாவது, பக்கங்களை அனுப்பிவைக்கும் வழங்கி மென்பொருள். மூன்றாவது, செய்தியை மறைத்தும் விரித்தும் தரும் மறையாக்க நிரல். நான்காவது, 'இது உண்மையிலேயே இந்தத் துறையின் தளம்தான்' என்று மூன்றாம் தரப்பு ஒன்று வழங்கும் மின்சான்றிதழ்.

இந்த நான்கிலும் இரண்டு வழிகள் உண்டு. மைக்ரோசாப்டின் விண்டோஸ் சர்வரையும் அதனுடன் வரும் ஐ.ஐ.எஸ். மென்பொருளையும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்துவது ஒரு வழி. லினக்ஸ் இயங்குதளம், அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் வழங்கி, ஓபன்எஸ்எஸ்எல் மறையாக்க நிரல் ஆகிய கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு அமைப்பது மற்றொரு வழி. மின்சான்றிதழையும் வணிக நிறுவனங்களிடம் ஆண்டுதோறும் விலைக்கு வாங்கலாம். அல்லது 2015 முதல் செயல்படும் 'லெட்ஸ் என்கிரிப்ட்' போன்ற லாப நோக்கமற்ற அமைப்பிடமிருந்து கட்டணமின்றிப் பெறலாம்.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு பொருளையும் குறிப்பதால் அங்கே குழப்பம் நேர்வதுண்டு. தமிழில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. மூலநிரலைப் படிக்கவும், தேவைக்கேற்ப மாற்றவும், பிறருடன் பகிரவும் உரிமை இருந்தால் அது கட்டற்ற மென்பொருள். அதற்கு விலை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். விலையின்றித் தரப்பட்டாலும் மூலநிரல் மூடி வைக்கப்பட்டிருந்தால், அது கட்டுண்ட மென்பொருளே. இந்த வேறுபாட்டை மனதில் கொண்டால்தான் மேலே செல்ல முடியும்.

ஏற்றுமதிக்கெனத் தயாரான பலவீனமான பூட்டு

இணைய வணிகம் தொடங்கிய 1990களின் நடுப்பகுதியில், பாதுகாப்பான வழங்கி என்பது ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள சரக்கு. மறையாக்க நெறிமுறையை உருவாக்கிய நெட்ஸ்கேப் அதை விற்றது. அன்று வலுவான மறையாக்க மென்பொருளை அமெரிக்க அரசு ஆயுதங்களின் பட்டியலில் வைத்திருந்தது. எனவே ஒரே மென்பொருள் இரண்டு வடிவங்களில் தயாரிக்கப்பட்டது. அமெரிக்க வாடிக்கையாளருக்கு 128 பிட் வலுவுள்ள பூட்டு. இந்தியா உள்ளிட்ட பிற நாடுகளுக்கு 40 பிட் அளவில் வேண்டுமென்றே பலவீனப்படுத்தப்பட்ட பூட்டு. 1995 ஆகஸ்டில் பிரான்சைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர், தமது நிறுவனத்திலும் பல்கலைக்கழகங்களிலும் சும்மா கிடந்த கணினி நேரத்தைக் கொண்டு, இந்த 40 பிட் பூட்டை எட்டு நாட்களில் உடைத்துக் காட்டினார்.

இந்தக் கட்டுப்பாட்டில் ஓட்டை போட்டது கட்டற்ற மென்பொருள்தான். அமெரிக்கச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே, ஆஸ்திரேலியாவில், எரிக் யங், டிம் ஹட்சன் ஆகிய இருவர் முழு வலுவுள்ள மறையாக்க நிரலைத் தாமே எழுதி உலகுக்கு வழங்கினார்கள். 1998இல் அதிலிருந்து ஓபன்எஸ்எஸ்எல் திட்டம் பிறந்தது. வழங்கி மென்பொருளான அப்பாச்சியின் கதையும் இதை ஒத்ததே. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பொதுப்பணத்தில் இயங்கிய ஆய்வு மையம் உருவாக்கிய வழங்கியை, அதைப் பயன்படுத்திவந்த நிர்வாகிகளே 1995இல் ஒன்றுகூடித் திருத்தி வளர்த்தார்கள். ஓராண்டுக்குள் உலகில் மிக அதிகமாகப் பயன்படுத்தப்படும் வழங்கியாக அது மாறியது. பொதுப்பணமும் கூட்டு உழைப்பும் சேர்ந்து உருவாக்கிய செல்வம் இது.

அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. ஆனால் பழைய தந்திரத்தின் நஞ்சு எளிதில் அகலவில்லை. 'ஏற்றுமதித் தரம்' என்ற பெயரில் அன்று புகுத்தப்பட்ட பலவீனமான வழிமுறைகள் மென்பொருள்களுக்குள் தங்கிவிட்டன. அவற்றைப் பயன்படுத்தி இணைப்புகளைத் தாக்க முடியும் என்பது 2015இல், ஒரே ஆண்டில் இரண்டு முறை, நிரூபிக்கப்பட்டது. பிறரை உளவு பார்க்க வசதியாகப் பூட்டைப் பலவீனமாக்கினால், இறுதியில் எல்லோருடைய வீடும் திறந்து கிடக்கும்.

மூடிய நிரல் தரும் உறுதிமொழி

வணிக மென்பொருளை விற்போர் இரண்டு வாதங்களை முன்வைப்பார்கள். மூலநிரல் மறைக்கப்பட்டிருப்பதால் தாக்குவோருக்கு வழி தெரியாது என்பது முதல் வாதம். ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பேற்க ஒரு நிறுவனம் இருக்கிறது என்பது இரண்டாவது.

முதல் வாதத்தை அனுபவம் ஆதரிக்கவில்லை. 2001 ஜூலை 19 அன்று 'கோட் ரெட்' என்னும் புழு நிரல், மைக்ரோசாப்டின் ஐ.ஐ.எஸ். வழங்கியில் இருந்த பிழை வழியே நுழைந்து, 14 மணி நேரத்துக்குள் சுமார் 3,59,000 கணினிகளைப் பிடித்தது. 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில், அந்த நிறுவனமே கையொப்பமிட்டு அனுப்பிய புதுப்பிப்புக்குள் தீய நிரல் ஒளிந்திருந்தது. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் அதைப் பெற்றார்கள்; அமெரிக்க அரசுத் துறைகளும் அவர்களில் அடக்கம். உள்ளே இருப்பதைப் பார்க்கும் உரிமை வாங்கியவர்களுக்கு இல்லை.

இரண்டாவது வாதத்தை உரிம ஒப்பந்தங்களே மறுக்கின்றன. பெரும்பாலான வணிக ஒப்பந்தங்கள் இழப்பீட்டுப் பொறுப்பைச் செலுத்திய கட்டணத்தின் எல்லைக்குள் சுருக்கிக்கொள்கின்றன. மருத்துவமனையின் பதிவேடுகள் அழிந்தால், உரிமத்தொகையைத் திருப்பித் தருவது எவ்வகை ஈடு?

முதலாளித்துவச் சந்தையில் மென்பொருள் நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்குகின்றன. விழுங்கப்பட்ட பிறகு விலையும் விதியும் மாறுகின்றன. இதில் இருவகை மென்பொருள்களின் அனுபவத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கி என்றும் பயன்படுத்தும் உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டது. இனிச் சந்தா மட்டுமே என்றாயிற்று. வாடிக்கையாளர்கள் செலுத்தினார்கள், அல்லது ஆண்டுக்கணக்கில் கட்டிய அமைப்பைக் கைவிட நேர்ந்தது. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டை 2019இல் ஐ.பி.எம். 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. 2029 வரை ஆதரவு உண்டு என்று எதிர்பார்க்கப்பட்ட சென்ட்ஓஎஸ் 8 பதிப்பு, 2021 முடிவிலேயே நிறுத்தப்படும் என்று 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. லாபவெறி இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். ஆனால் விளைவு வேறு. சென்ட்ஓஎஸ்ஸின் மூலநிரல் பொதுவில் இருந்ததால், சில மாதங்களுக்குள் அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்ற பெயர்களில் அதே பணியைப் பிறர் தொடர்ந்தார்கள். வழங்கிகள் நிற்கவில்லை. வெளியேறும் கதவு இருக்கிறதா என்பதே இரண்டு வழிகளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு.

எல்லோருக்கும் சொந்தம், யார் பராமரிப்பது?

இத்துடன் நிறுத்திக்கொண்டால் நாம் பாதி உண்மையையே சொன்னவர்களாவோம். கட்டற்ற மென்பொருளில் பிழை இராது என்ற நம்பிக்கையும் மூடநம்பிக்கையே.

2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் 'ஹார்ட்பிளீட்' என்னும் பிழை கண்டறியப்பட்டது. வழங்கியின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் அளவுள்ள துண்டுகளை எவரும் கேட்டுப் பெறலாம். கடவுச்சொற்களும், பூட்டின் சாவியுமேகூட அந்தத் துண்டுகளில் இருக்கக்கூடும். பிழையுள்ள பதிப்பு 2012 மார்ச்சில் வெளியானது. மூலநிரல் இரண்டாண்டுகள் எல்லோர் கண்முன்னும் திறந்தே கிடந்தது. ஆனால் யாரும் கவனிக்கவில்லை. சுமார் 5 லட்சம் பாதுகாப்பான இணையதளங்கள் பாதிப்புக்கு உள்ளாகும் நிலையில் இருந்தன. அப்போதுதான் மற்றோர் உண்மையும் வெளிவந்தது. உலகின் இணைய வணிகம் பெருமளவு சார்ந்திருந்த அந்தத் திட்டத்துக்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர் மட்டுமே. முழுநேரமாகப் பணியாற்றியவர் ஒருவர். அந்த நிரலைப் பயன்படுத்திக் கோடிகோடியாகச் சம்பாதித்த நிறுவனங்கள், விபத்து நேர்ந்த பிறகே நிதி திரட்ட முன்வந்தன.

2024 மார்ச்சில் வெளிப்பட்ட 'எக்ஸ்.இசட்.' சதி இதைவிடக் கொடியது. ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இடம்பெறும் ஒரு சிறு சுருக்க மென்பொருளை ஒரே ஒருவர், ஊதியமின்றி, களைத்த நிலையில் பராமரித்துவந்தார். உதவ வருவதாகப் புனைபெயரில் அறிமுகமான ஒருவர், சுமார் இரண்டாண்டுகள் பொறுமையாக உழைத்து நம்பிக்கையைப் பெற்று, பின்னர் தொலைவிலிருந்து வழங்கிகளுக்குள் நுழையும் ரகசியக் கதவு ஒன்றை அதில் பொருத்தினார். தனது கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த பொறியாளர் ஒருவர், காரணத்தைத் தேடிச்சென்று அதைக் கண்டுபிடித்தார். மூலநிரல் திறந்திருந்ததால்தான் அவரால் அடிவரை செல்ல முடிந்தது. ஆனால் பராமரிப்பவரைத் தனியே விட்டதால்தான் சதிகாரர் நுழையவும் முடிந்தது.

கட்டற்ற மென்பொருள் பொதுச் செல்வம். ஆனால் இன்றைய சமூக அமைப்பில் அந்தச் செல்வத்தின் பலனை ஏகபோக நிறுவனங்கள் அள்ளிச்செல்ல, அதைப் பேணும் உழைப்பு கூலியின்றித் தனிநபர்கள் தலையில் விழுகிறது. பொதுக் குளத்தில் எல்லோரும் நீர் எடுப்பார்கள், தூர்வார மட்டும் யாரும் வரமாட்டார்கள் என்றால், அந்தக் குளம் எத்தனை நாள் தாங்கும்? எனவே அரசு கட்டற்ற மென்பொருளைத் தேர்வது சரியானது என்று சொல்லும்போதே, உரிமச் செலவை மிச்சப்படுத்தும் சிக்கன நடவடிக்கையாக மட்டும் அதைப் பார்ப்பது தவறு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிச்சமாகும் பணத்தின் ஒரு பகுதி பராமரிப்புக்கும் தணிக்கைக்கும் திரும்பிச் செல்ல வேண்டும். பரவலாகப் பயன்படும் கட்டற்ற மென்பொருள்களைப் பேணுவதற்கென ஜெர்மனி 2022இல் பொதுநிதி ஒன்றை உருவாக்கியது. மென்பொருள் வல்லரசு என்று மார்தட்டும் இந்தியாவால் இதைச் செய்ய முடியாதா?

காகிதத்தில் உறங்கும் கொள்கை

இந்திய அரசிடம் கொள்கை இல்லாமல் இல்லை. 2015 மார்ச் மாதத்தில், அரசுத் துறைகளுக்குத் திறமூல மென்பொருளே முன்னுரிமைத் தேர்வாக இருக்கும் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. ஒப்பந்தப்புள்ளி கோரும்போது திறமூல மென்பொருளைப் பரிசீலிக்க வேண்டும் என்ற நிபந்தனை கட்டாயம் இடம்பெற வேண்டும். மூடிய மென்பொருளை முன்மொழிவோர், திறமூலத்தை ஏன் விலக்கினார்கள் என்று காரணம் கூற வேண்டும். அரசு எழுதும் பயன்பாடுகளின் மூலநிரலைத் திறந்துவைக்கவும் அதே ஆண்டில் தனிக் கொள்கை வந்தது.

பத்தாண்டுகள் கடந்துவிட்டன. எத்தனை அமைச்சகங்கள் எந்த மென்பொருளைப் பயன்படுத்துகின்றன? உரிமங்களுக்கு எவ்வளவு செலவாகிறது? எத்தனை முறை விதிவிலக்கு அளிக்கப்பட்டது, என்ன காரணத்துக்காக? இவற்றை முறையாகத் தொகுத்து மக்கள் முன் வைக்கும் பொறுப்பு கொள்கையில் எந்த அமைப்பின் மீதும் உறுதியாகச் சுமத்தப்படவில்லை. மீறினால் தண்டனை இல்லாத கொள்கை வெறும் அறிவுரையே.

ஆதாரின் நிலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் கைரேகையையும் கருவிழிப் பதிவையும் வைத்திருக்கும் அந்த அமைப்பு, கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றின் மேல் கட்டப்பட்டது. ஆனால் அதன் சொந்த மூலநிரல் இன்றுவரை மக்கள் பார்வைக்கு வரவில்லை. அதே வேளையில், பெங்களூரு பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான 'மோசிப்' என்னும் அடையாள அமைப்பு திறமூலமாக பிலிப்பைன்ஸ், எத்தியோப்பியா போன்ற நாடுகளுக்கு வழங்கப்படுகிறது. பிற நாட்டு மக்கள் சோதித்துப் பார்க்கலாம்; இந்திய மக்கள் பார்க்கக்கூடாது என்பது என்ன நியாயம்? 2018 ஜனவரியில் ஆதார் விவரங்கள் விலைக்குக் கிடைப்பதை ட்ரிப்யூன் நாளிதழ் அம்பலப்படுத்தியபோது, ஆதார் ஆணையம் அளித்த புகாரில் செய்தியாளரின் பெயரும் சேர்க்கப்பட்டது. ஓட்டையைச் சுட்டிக்காட்டுபவரைக் குற்றவாளியாக்கும் அரசு, ஓட்டையை அடைக்காது.

சுதேசி முத்திரை மட்டும் போதுமா?

நயாரா நிகழ்வுக்குப் பிறகு 'சுதேசி மென்பொருள்' என்ற முழக்கம் உரத்து ஒலிக்கிறது. ஒன்றிய அரசு ஊழியர்களின் சுமார் 12 லட்சம் மின்னஞ்சல் கணக்குகள் இந்திய நிறுவனமான ஸோஹோவின் தளத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. ஒன்றிய அமைச்சர்கள் அதற்கு விளம்பரத் தூதர்களைப் போலப் பேசுகிறார்கள். வெளிநாட்டு ஏகபோகத்தைச் சார்ந்திராமல், இந்நாட்டுப் பொறியாளர்களின் திறமையால் உருவான தயாரிப்பு என்பதில் பெருமை கொள்ளலாம். வாஷிங்டனிலோ பிரஸ்ஸல்ஸிலோ முடிவெடுத்து அதை நிறுத்திவிட முடியாது என்பதும் ஒரு முன்னேற்றமே.

ஆனால் நாம் எழுப்பிய கேள்விகள் அப்படியே நிற்கின்றன. மூலநிரலைச் சுதந்திரமான வல்லுநர்கள் சோதிக்க முடியுமா? நாளை நிறுவனம் கைமாறினாலோ, விலையை உயர்த்தினாலோ, அரசு தனது தரவுகளோடு வெளியேறி, அதே பணியை வேறொருவரைக் கொண்டு தொடர முடியுமா? முடியாது என்றால், எசமானரின் முகவரி மாறியிருக்கிறது, சார்புநிலை மாறவில்லை. இது குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் மீதான குற்றச்சாட்டு அல்ல. மக்களின் தரவைக் கையாளும் எந்த நிறுவனத்திடமும், இந்தியரோ அயலாரோ, கேட்கப்பட வேண்டிய கேள்வி.

பொதுத்துறை என்பதாலேயே எல்லாம் சரியாக நடந்துவிடும் என்றும் கருத முடியாது. 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் சான்றிதழ் பிரிவிலிருந்து கூகுள் நிறுவனத்தின் தளங்களுக்கு அங்கீகாரமற்ற போலிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. பின்னர் அவை ரத்து செய்யப்பட்டன. வழங்கப்படும் சான்றிதழ்களை இன்று பொதுப் பதிவேடுகளில் எவரும் பார்க்கலாம். தவறு நேர்ந்தால் உலகம் உடனே அறியும். மூடி மறைப்பதைவிட, திறந்து வைப்பதே பாதுகாப்பு என்பதற்கு இது நடைமுறைச் சான்று. உடைமை பொதுவாக இருக்க வேண்டும். அதன் கணக்கும் பொதுவில் இருக்க வேண்டும்.

மென்பொருளைக் காப்பவர்கள் தொழிலாளர்கள்

கோட் ரெட் புழு பரவுவதற்கு ஒரு மாதம் முன்பே மைக்ரோசாப்ட் திருத்தத்தை வெளியிட்டிருந்தது. 2017இல் அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்திலிருந்து 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவுபோயின. அங்கு பயன்படுத்தப்பட்ட கட்டற்ற மென்பொருளான அப்பாச்சி ஸ்ட்ரட்ஸுக்கு இரண்டு மாதம் முன்பே திருத்தம் வெளிவந்திருந்தது. ஒன்று வணிக மென்பொருள், மற்றது கட்டற்றது. இரண்டிலும் திருத்தத்தை உரிய நேரத்தில் பொருத்த ஆளில்லை, அல்லது பொருத்தியது உறுதிசெய்யப்படவில்லை.

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் வழங்கிகள் தாக்கப்பட்டன. ஐந்து வழங்கிகளில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவு முடக்கப்பட்டது. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வரும் ஏழை நோயாளிகள் கையெழுத்துச் சீட்டுகளோடு வரிசையில் நின்றார்கள். வலைப்பின்னல் முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் கூறியது. எந்த மென்பொருளை வாங்கினாலும் இந்தக் குறையை அது நீக்காது. வலைப்பின்னலை வடிவமைத்து, கண்காணித்து, ஒவ்வொரு வாரமும் திருத்தங்களைப் பொருத்தி, காப்புப்படிகளைச் சோதித்துப் பார்க்கும் நிரந்தர ஊழியர்களால்தான் அது முடியும். பல துறைகளில் இந்தப் பணி இன்று ஒப்பந்த முகமைகளிடம் விடப்பட்டுள்ளது. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத ஊழியரிடம் நாட்டின் பூட்டுகளை ஒப்படைத்துவிட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது போலித்தனம்.

இந்தத் தேவை இனி மேலும் கூடும். மின்சான்றிதழின் அதிகபட்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச் முதல் 47 நாட்களாக ஆக்க உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் முடிவு செய்துள்ளன. ஆண்டுக்கொரு முறை கோப்பு நகர்த்தி, ஒப்பந்தப்புள்ளி கோரிச் சான்றிதழ் வாங்கும் அரசு நடைமுறை இதற்கு ஈடுகொடுக்காது. தானாகவே புதுப்பிக்கும் கட்டற்ற கருவிகள் இருக்கின்றன. அவற்றை இயக்கக் கற்றவர்கள் தேவை. லெட்ஸ் என்கிரிப்ட் நல்ல சேவைதான், ஆனால் அதுவும் அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்ட அமைப்பு. அதே வகையிலான, வெளிப்படையான தணிக்கைக்கு உட்பட்ட, உலாவிகள் ஏற்கத்தக்க பொதுத்துறைச் சான்றிதழ் சேவை ஒன்றை இந்தியா உருவாக்க வேண்டும்.

மாற்று வழி சாத்தியம் என்பதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. கேரளத்தின் பள்ளிகளில் ஆசிரியர்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எழுப்பிய குரலின் விளைவாக, பல லட்சம் மாணவர்கள் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிக் கல்வி பெறுகிறார்கள். ஆசிரியர்களுக்கு அரசு பயிற்சி அளித்ததால்தான் அது நிலைத்தது. கேரள மின்வாரியம் தனது சொந்த ஊழியர்களைக் கொண்டு, கட்டற்ற மென்பொருள் அடித்தளத்தில், 'ஒருமா' என்னும் கட்டண மென்பொருளை உருவாக்கியது. ஒன்றிய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இன்றும் இருக்கிறது. திறமைக்குப் பஞ்சமில்லை. அரசியல் உறுதிக்கே பஞ்சம்.

நமது கோரிக்கைகள், நமது கடமைகள்

2015ஆம் ஆண்டுக் கொள்கைக்குச் சட்டத்தின் வலிமை தரப்பட வேண்டும். ஒவ்வொரு அமைச்சகமும் பொதுத்துறை நிறுவனமும் பயன்படுத்தும் மென்பொருள், உரிமச் செலவு, பெற்ற விதிவிலக்கு ஆகியவற்றை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். மக்கள் பணத்தில் எழுதப்படும் மென்பொருளின் மூலநிரல் மக்களுக்குத் திறக்கப்பட வேண்டும். உரிமச் செலவில் மிச்சமாகும் தொகையின் ஒரு பகுதி கட்டற்ற மென்பொருள் பராமரிப்பு நிதிக்குச் செல்ல வேண்டும். தேசியத் தகவலியல் மையத்திலும் மாநிலங்களின் தரவு மையங்களிலும் உள்ள ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டு, நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். நல்லெண்ணத்தோடு ஓட்டைகளைச் சுட்டிக்காட்டுவோருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும்.

நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் உள்ள நமது உறுப்பினர்கள் இந்தக் கேள்விகளை எழுப்ப வேண்டும். வங்கி, காப்பீடு, பி.எஸ்.என்.எல்., மின்சாரம் ஆகிய துறைகளின் தொழிற்சங்கத் தோழர்கள், தங்கள் நிறுவனத்தில் எந்த மென்பொருளுக்கு எவ்வளவு செலவாகிறது, பராமரிப்புப் பணி யாரிடம் உள்ளது என்று கேட்டறிந்து, அதை ஊதியப் பேச்சுவார்த்தைக்கு இணையான பிரச்சனையாக முன்வைக்க வேண்டும். நாம் பொறுப்பில் இருக்கும் உள்ளாட்சிகளில் தொடங்கி வைக்கலாம்.

நமது சொந்த வீட்டையும் ஒழுங்குபடுத்த வேண்டும். கட்சிக்கும் வெகுஜன அமைப்புகளுக்கும் இணையதளங்கள் உண்டு. உறுப்பினர் பட்டியல், சந்தா விவரம், போராட்டக் களத்தில் இருப்பவர்களின் தொலைபேசி எண்கள் அவற்றின் பின்னால் இருக்கின்றன. யாரோ அமைத்துக் கொடுத்து, யாரும் புதுப்பிக்காமல் கிடக்கும் தளம், அது லினக்ஸில் இயங்கினாலும், எதிரிக்குத் திறந்த கதவே. ஒவ்வொரு மாநிலக் குழுவிலும் இந்தப் பணிக்கெனப் பயிற்சி பெற்ற இளம் தோழர்கள் இருவராவது வேண்டும். கணினித் துறையில் பணிபுரியும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் நமது இயக்கத்தைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்களை ஈர்க்க இது நல்ல வாய்ப்பு.

சுரங்கமும் ரயில்பாதையும் யார் உடைமை என்று கேட்டுப் போராடிய இயக்கம் நமது இயக்கம். வழங்கியும் மறையாக்க நிரலும் இன்று அவற்றைப் போன்ற உற்பத்திச் சாதனங்களே. அவற்றைத் திறந்து பார்க்கும் உரிமையும், பேணிக் காக்கும் பொறுப்பும் மக்களிடம் இருக்க வேண்டும் என்ற கோரிக்கையை உரத்து எழுப்புவோம்.